பத்மநாபபுரம் அரண்மனை: எந்த அறை எதற்கு, ஏன் அங்கே?

கேள்வி இது: "குடும்பத்தோடு தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்வந்தோம். அழகுதான். ஆனால் அறைக்குள் அறை, படியேறி இறங்கி, கொஞ்ச நேரத்தில் எந்தத் திசையில் நிற்கிறோம் என்றே பிடிபடவில்லை. இதில் ஒழுங்கு என்று ஏதாவது உண்டா? ராஜா எங்கே இருந்தார்? மதுரை மகால் மாதிரி பெரிய மண்டபம் இல்லாமல் ஏன் இப்படிச் சின்னச் சின்ன இருட்டறைகள்?"

ஒழுங்கு உண்டு. மகாலைப் பார்த்த கண்ணோடு தேடினால் மட்டும் கிடைக்காது. திருமலை நாயக்கர் மகால், பார்க்கிறவர்கள் மலைத்துப் போக வேண்டும் என்றே எழுப்பியது. பத்மநாபபுரம் அடிப்படையில் ஒரு வீடு. வேணாட்டு ராஜகுடும்பம் குடியிருந்த ஒரு நாலுகெட்டு, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய வீடு. அதைச் சுற்றி இருநூறு வருஷம் கட்டு கட்டாகச் சேர்த்துக்கொண்டே போனதில் ஆறரை ஏக்கருக்குப் பரந்துவிட்டது. குமரி மாவட்டத்தில் பழைய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வெளியே படிப்புரை (வாசல் கட்டு), முற்றம், திண்ணை, உள்ளே அங்கணம் (நடுமுற்றம்), அரங்கு (உள்ளறை), மச்சு (மேல்தளம்), ஒதுக்கமாக அடுக்களை. இந்த வரிசை எல்லாம் யார் எதுவரை வரலாம் என்ற கணக்குதான். வழிப்போக்கர் திண்ணையோடு நிற்பார், சம்பந்தக்காரர் கூடம்வரை வருவார், அரங்குக்குள் வீட்டுப் பெண்களைத் தவிர யாரும் நுழைய மாட்டார்கள். அரண்மனையிலும் அதே கணக்குதான், அளவு மட்டும் பெரிது.

கொஞ்சம் காலக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அறைகளின் இடம் விளங்காது. ஊருக்குப் பழைய பெயர் கல்குளம், வேளிமலை அடிவாரம். 1601-ல் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் அரண்மனையைக் கட்டினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. உள்ளே இருக்கும் தாய்க் கொட்டாரம் (கொட்டாரம் என்றால் அரண்மனை) அதற்கும் முந்தையது, 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்தது என்று கணிக்கிறார்கள். இன்று நாம் பார்க்கும் உருவத்தைப் பெரும்பாலும் கொடுத்தவர் மார்த்தாண்ட வர்மா. 1729 முதல் 1758 வரை ஆண்டவர், 1741-ல் குளச்சலில் டச்சுப் படையை முறியடித்தவர், சின்ன வேணாட்டைப் பெரிய திருவிதாங்கூராக்கியவர். 1750-ல் நாட்டையே ஸ்ரீபத்மநாப சுவாமிக்குத் தாரைவார்த்துக் கொடுத்துவிட்டு, 'பத்மநாப தாசன்' என்ற பெயரில் ஆண்டார். இந்தத் திருப்படித்தானத்தைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. அதன்பிறகு வந்த நாகரிகத்துக்கு ஏற்றபடி இதை இடித்துக் கட்டும் அவசியம் யாருக்கும் வரவில்லை. பழசு பழசாகவே நமக்குக் கிடைத்ததற்கு இது பெரிய காரணம்.

சரி, உள்ளே போவோம். பெரிய வாசலைத் தாண்டி, மண் முற்றத்தில் நின்று நேரே பார்த்தால் முக்கோண முகப்பு வைத்த ஓட்டுக்கூரை, நுணுக்கமான மரவேலை. அதுதான் பூமுகம். ராஜாவைப் பார்க்க வந்தவர்கள் காத்திருந்த இடம்; நம் வீட்டுத் திண்ணையின் வேலையை அரண்மனையில் இது செய்கிறது. இங்கே எல்லாரும் அண்ணாந்து விதானத்தைப் பார்ப்பார்கள், பார்க்கத்தான் வேண்டும். தலைகீழாகத் தொங்கும் 90 மலர்கள், ஒன்றைப் போல இன்னொன்று இல்லை என்பார்கள். ஆனால் பலரும் தொங்கும் குதிரை விளக்கை ஒரு பார்வையோடு விட்டுவிடுகிறார்கள். நின்று அதன் சங்கிலியைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணியும் வேறு வேறு வடிவம். விளக்கை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அந்தப் பக்கமே நிற்கும்படி கோத்திருக்கிறார்கள். மேலே குதிரையின் மீது ஒரு வீரன், கீழே எண்ணெய்த் தட்டு. பக்கத்திலேயே கருங்கல் கட்டில், சீன வணிகர்கள் கொடுத்ததாகச் சொல்லும் நாற்காலி, ஓணத்துக்குக் காணிக்கையாக வைக்கும் ஓவியம் தீட்டிய ஓணவில்லுகள். அந்த நாற்காலி சின்ன விஷயமில்லை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் துறைகள் வழியாக மிளகு போன காலம் அது. கடல் தாண்டி வந்தவனும் முதலில் உட்கார்ந்து காத்திருந்தது இந்தப் பூமுகத்தில்தான்.

பூமுகத்திலிருந்து செங்குத்தான ஒடுக்கமான மரப்படி ஒன்று மேலே போகிறது. ஒரு நேரத்தில் ஒரே ஆள்தான் ஏற முடியும், அதுவும் குனிந்து. ஏறினால் மந்திரசாலை. அமைச்சர்களோடு ராஜா ஆலோசனை செய்த அறை. நாட்டைப் பற்றிய முடிவெல்லாம் எடுத்த இடம் இவ்வளவு சின்னதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் பேச்சு வெளியே போகக்கூடாத இடம் வேறு எப்படி இருக்க வேண்டும்? மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வருமுன்பும் வந்தபிறகும் அரசரையே எதிர்த்த பிரபுக்களான எட்டுவீட்டில் பிள்ளைமாரோடு மோதி, உயிருக்குப் பயந்து ஊர் ஊராக ஒளிந்து திரிந்தவர். அந்த அனுபவம் உள்ள ஒருவர் குடியிருந்த வீட்டில் படிகள் அகலமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

இருட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு விடை இந்த மந்திரசாலையில் இருக்கிறது. ஜன்னல்களில் வண்ண மைக்காத் தகடுகள், மற்ற இடங்களில் சாய்வாக அடுக்கிய மர அழிகள் (சட்டங்கள்). வெயில் நேராக உள்ளே விழாது, காற்று மட்டும் வரும். வெளியே ஓட்டுக்கூரை நம் தலைக்கு எட்டும் உயரம்வரை தாழ்ந்து வருகிறது. குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை: ஆனி ஆடியில் தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு. இரண்டு பக்கச் சாரலும் சுவரிலும் மரத்திலும் படாமல் காக்க வேண்டுமென்றால் கூரை தாழத்தான் வேண்டும். கூரை தாழ்ந்தால் வெளிச்சம் குறையும். அதைத் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டார்கள். சித்திரை வெயிலில் தார்ரோட்டிலிருந்து வந்து இந்த அறைக்குள் கால் வைத்துப் பாருங்கள், இருட்டு என்று சொல்லத் தோன்றாது.

வந்த வெளிச்சத்தை வீணாக்காமல் இருப்பதற்குத்தான் தரை. கறுப்பாக, முகம் தெரியும் அளவுக்கு வழுவழுப்பாக இருக்கும் தரையைப் பார்த்திருப்பீர்கள். சிமெண்ட் என்ற பேச்சே இல்லாத காலம். எரித்த சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, கருப்பட்டி, இன்னும் சில சாறுகள் சேர்த்து அரைத்துப் பூசி, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது என்பது பரம்பரையாக வரும் விளக்கம். அழியின் இடுக்கில் நுழையும் ஒளிக்கீற்று தரையில் பட்டுத் தெறித்து விதானத்துச் செதுக்கலைக் கீழிருந்து காட்டும். காலை நேரத்தில் இதை நன்றாகப் பார்க்கலாம்.

அறைகள் சின்னதாக இருப்பதற்கு ஒரு நேரான காரணமும் உண்டு: மரம். மதுரையில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து வளைவு போட்டார்கள். வளைவு போட்டால் அகலத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். இங்கே கூரையைத் தாங்குவது உத்திரமும் கழுக்கோலும் (சாய்வுச் சட்டம்) மோட்டுவளையும் (கூரை உச்சி மரம்). தேக்கோ ஈட்டியோ பலாவோ, ஒரு மரம் எவ்வளவு நீளத்துக்குத் தொய்யாமல் தாங்குமோ அதுதான் அறையின் அகலம். அதற்கு மேல் இடம் வேண்டுமானால் நீளத்தில் ஓட்ட வேண்டும், அல்லது பக்கத்தில் இன்னொரு கட்டு சேர்க்க வேண்டும். இந்த இரண்டையும் செய்துகொண்டே போனதால்தான் உங்களுக்குத் திசை குழம்பியது.

நீளத்தில் ஓட்டியதற்கு உதாரணம் ஊட்டுப்புரை என்ற சாப்பாட்டுக்கூடம். மேலும் கீழுமாக இரண்டு நிலை, அகலம் சுமார்தான், நீளம் மட்டும் கண்ணுக்கு எட்டாமல் போகும். ஒரே நேரத்தில் ஆயிரம் பேர்வரை உட்கார்ந்து சாப்பிடலாம். ஓரத்தில் ஊறுகாய் போட்டுவைத்த பெரிய சீனப் பரணிகளும் இருக்கின்றன. பந்தி என்றால் நீளமாகத்தானே போடுவோம், அதற்கு இந்த வடிவம் கச்சிதம். இதன் இடமும் கவனிக்க வேண்டியது. சாப்பிட வருகிறவர்கள் குடும்பம் இருக்கும் பகுதிக்குள் நுழையாமலே வந்து போய்விடலாம். இந்தப் பக்கத்திலிருந்தே மணிமாளிகையும் கண்ணில் படும். எடைக்கற்கள் இறங்க இறங்க ஓடும் பழைய கடிகாரம் அதில் இருக்கிறது.

இதையெல்லாம் தாண்டித்தான் தாய்க் கொட்டாரம். நீங்கள் எங்கேயாவது ஒரு இடத்தில் அரைமணி நேரம் நிற்பதாக இருந்தால் இங்கே நில்லுங்கள். மொத்த அரண்மனையிலும் பழசு இதுதான், மற்றதெல்லாம் இதைப் பார்த்து, இதற்கு அடங்கிப் பக்கத்தில் வந்து நின்றவை. சுத்தமான நாலுகெட்டு. நடுவில் வானம் பார்த்த முற்றம், நாலு பக்கமும் கூரை உள்நோக்கிச் சரிந்து வந்து அதன் விளிம்பில் நிற்கிறது, மூலைக்கு ஒன்றாக நாலு தூண்கள். நல்ல மழை நாளில் நாலு கூரைத் தண்ணீரும் நாலு பக்கமிருந்தும் நடுவில் வந்து விழும். சுற்றிலும் தாழ்வாரத்தில் ஒரு சொட்டு நனையாமல் நடந்து போகலாம். வெயில் நாளில் முற்றத்துச் சூடான காற்று மேலே எழும்பும், அந்த இடத்தை நிரப்ப அறைகளுக்குள்ளிருந்து காற்று நகரும். அறைக்கு வெளிச்சம், காற்று, தண்ணீர் எல்லாம் இந்த ஒரு சதுரத்திலிருந்துதான். வெளிச்சுவரில் பெரிய ஜன்னல் தேவையே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் மூடிய வீடு, உள்ளே வந்தால் திறந்த வீடு.

தென்மேற்கு மூலையில் ஏகாந்த மண்டபம். வழிபாட்டுக்கான அறை. அங்கே ஒரே பலாமரத்தில் செதுக்கிய தூண் ஒன்று இருக்கிறது. பலாமரம் தச்சர்களுக்குப் பிடித்த மரம். உளிக்கு இணங்கிக் கொடுக்கும், வருஷம் போகப் போக மஞ்சள் மாறிக் கருஞ்சிவப்பாகும். அந்தத் தூணில் அடியிலிருந்து மேல்வரை பூவேலை. கை படாமல், முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பாருங்கள், இதழின் உட்புறம்கூட உளி போயிருக்கும். இந்தக் கட்டிலிருந்து சாரோட்டுக் கொட்டாரத்துக்கு ஒரு சுரங்க வழி இருந்தது, இப்போது அடைத்துவிட்டார்கள் என்றும் சொல்வார்கள்.

நாலுகெட்டு ஏன் நடுவில் இருக்கிறது என்பதற்கு அந்தக் குடும்பத்தின் வழக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திருவிதாங்கூர் அரசகுடும்பம் மருமக்கள்வழி. ராஜாவுக்குப் பிறகு அவர் மகனுக்குப் பட்டம் கிடையாது, சகோதரியின் மகனுக்குத்தான். வம்சம் பெண்கள் வழியாகவே போகிறது. அப்படிப்பட்ட குடும்பத்தில் தாய்வீட்டை இடித்துவிட்டு யாரும் புதிதாகக் கட்ட மாட்டார்கள், அதை நடுவில் வைத்துக்கொண்டு சுற்றித்தான் பெருக்குவார்கள். பிலாமூட்டுக் கொட்டாரம், வேப்பின்மூட்டுக் கொட்டாரம், லட்சுமி விலாசம், சந்திர விலாசம் என்று வரிசையாக வரும் கட்டுகள் எல்லாம் அப்படிச் சேர்ந்தவை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: ராஜா எங்கே இருந்தார்? உப்பரிகை மாளிகையில். 1750-ல் மார்த்தாண்ட வர்மா கட்டிய நாலு நிலைக் கட்டடம், அரண்மனையிலேயே உயரமானது. திருப்படித்தானம் நடந்த அதே வருஷம் என்பதைக் கவனியுங்கள். கீழ்நிலை கருவூலம். அதற்கு மேல் ராஜாவின் பள்ளியறை. அறுபதுக்கு மேற்பட்ட மூலிகை மரத்துண்டுகளால் செய்த கட்டில் அங்கேதான் இருக்கிறது, டச்சுக்காரர்கள் கொடுத்தது என்பார்கள். மூன்றாவது நிலை, விரத நாட்களில் ராஜா தங்கியது. உச்சியில் இருப்பது பத்மநாப சுவாமிக்கு. அந்த அறையில் ராஜா படுக்கவில்லை, சுவாமிக்காக அங்கே கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். சுவர் முழுக்க 18-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள்: அனந்தசயனம், கண்ணன், இன்னும் பல தெய்வங்கள். நாட்டைச் சுவாமிக்கு எழுதிக் கொடுத்தேன் என்று ஓலையில் சொன்னதை, நாலு நிலையில் அப்படியே கட்டிக் காட்டியிருக்கிறார். பணம் கீழே, அதன் மேல் ராஜா, அவருக்கும் மேல் தெய்வம். ஒரு ஆட்சியின் கொள்கையை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் கட்டடம் தென்னாட்டில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஓவியங்களைக் காப்பதற்காக உச்சிநிலைக்குப் பொதுவாகப் பார்வையாளர்களை விடுவதில்லை. மூச்சுக்காற்றின் ஈரமே அந்தப் பழைய வண்ணங்களுக்குக் கேடு என்பதால் இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

வருஷத்தில் ஒருநாள் இந்த மாளிகைக்குப் பழைய மரியாதை திரும்பி வரும். நவராத்திரிக்கு முன்பு, பத்மநாபபுரம் அரண்மனைக் கோவிலான தேவாரக்கட்டின் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகக் கிளம்புவார்கள். கிளம்புமுன் உப்பரிகை மாளிகையில் வைத்து ராஜாவின் உடைவாளைக் கைமாற்றிக் கொடுப்பார்கள். தலைநகரம் போய் இருநூறு வருஷத்துக்கு மேலான பிறகும் இந்தச் சடங்கு நிற்கவில்லை. வழியெல்லாம் வீட்டு வாசலில் விளக்கேற்றி வைத்து மக்கள் காத்திருப்பதை இந்தப் பக்கத்தில் இருக்கிறவர்கள் வருஷா வருஷம் பார்க்கிறார்கள்.

அந்தச் சரஸ்வதி கோவிலை ஒட்டித்தான் நவராத்திரி மண்டபம். அதுவரை மரமாகவே பார்த்து வந்த கண்ணுக்கு இது வேறு உலகமாகத் தெரியும். முழுக்கக் கருங்கல். செதுக்கிய ஒற்றைக்கல் தூண்கள், விஜயநகரப் பாணி, கண்ணாடி போன்ற தரை. நவராத்திரியில் இசையும் நடனமும் நடந்த இடம். மனுஷன் குடியிருக்க மரம், தெய்வத்தின் முன்னால் நடப்பதற்குக் கல் என்ற பழைய பிரிவினை இந்த வளாகத்துக்குள்ளேயே தெரிகிறது. நீங்கள் தேடிய 'பெரிய மண்டபம்' இதுதான். ராஜாவுக்கென்று அப்படி ஒன்று கட்டிக்கொள்ளவில்லை. பக்கவாட்டில் மர அழி அடித்த மறைவிடம் இருக்கிறது. ராஜகுடும்பத்துப் பெண்கள் அங்கிருந்து நிகழ்ச்சியைப் பார்ப்பார்கள், அவர்களை யாரும் பார்க்க முடியாது. அதே யோசனை ராஜாவுக்கு வேறு மாதிரி: தெருப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் அம்பாரி முகப்பு. யானை மேல் வைக்கும் அம்பாரி மாதிரியே அமைத்த மாடம், ஊர்வலம் போகும்போது ராஜா அங்கே வந்து நிற்பார்.

இந்திர விலாசத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆர்வமில்லை. வெளிநாட்டு விருந்தினர்களுக்காகக் கட்டியது. உயர்ந்த கூரை, பெரிய கதவு, பெரிய ஜன்னல். வந்தவர்களுக்குப் பழக்கமான மாதிரி கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், தாங்கள் மட்டும் பழையபடியே வாழ்ந்திருக்கிறார்கள். அதன் இடம் மட்டும் நாம் பார்த்த கணக்குக்கு ஒத்து வருகிறது: விருந்தினர் மாளிகை, அதனால் தாய்க் கொட்டாரத்துக்கு எட்டத்தில். தெற்குக் கொட்டாரம் பழைய கட்டு, சுமார் நானூறு வருஷம் இருக்கும். அதில் பழைய வீட்டுச் சாமான்களை வைத்திருக்கிறார்கள், நேரமிருந்தால் பார்க்கலாம்.

நிர்வாகம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் குமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு சேர்ந்தன. அரண்மனை மட்டும் இன்றுவரை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். மரக் கட்டடத்தைக் காப்பது சாதாரண வேலையில்லை. ஒரு ஓடு விலகினால் போதும், தண்ணீர் கழுக்கோலில் இறங்கும், பிறகு கறையான். செருப்பை வெளியே விடச் சொல்வதையும், சில மாடிகளில் கூட்டமாக ஏற விடாததையும் தொந்தரவாக நினைக்காதீர்கள். அந்தத் தரையும் படியும் இன்னும் இருப்பது அதனால்தான்.

அடுத்த முறை போகும்போது திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், விடுமுறை. காலையில் திறந்ததும் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்தால் எங்கேயும் நிற்க விடமாட்டார்கள். உள்ளே வழி ஒருமுகமாகத்தான் போகும், திரும்பி வர முடியாது. அதனால் பூமுகத்திலும் தாய்க் கொட்டாரத்திலும் அங்கங்கேயே நிதானமாகப் பார்த்துவிடுங்கள். வெளியே வந்தபிறகு நேரமிருந்தால், அரண்மனையைச் சுற்றியுள்ள கோட்டைக்குள்ளேயே இருக்கும் ராமசுவாமி கோவிலுக்கு நடந்து போகலாம். மரப்பலகைகளில் ராமாயணக் காட்சிகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அரண்மனை விதானத்தில் பார்த்த அதே மரவேலையை இங்கே கண்மட்டத்தில் பார்க்கலாம். குழந்தைகளுக்குச் சலிப்பு வந்துவிட்டால் நாகர்கோவில் சாலையில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. குளச்சலில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைத்தளபதியான டச்சுப் படை அதிகாரி டிலனாயின் கல்லறை அதற்குள்தான்.